லித்தியம்-கந்தக பேட்டரிக்குப் புதுக் கேத்தோடு பொருளைச் சோதிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

புதிதாக லேபுக்கு வருகிற ஆராய்ச்சி மாணவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் தொடங்குகிறார்கள். முதல் ஆறு மாதம் ஃபர்னஸ் பக்கத்திலேயே கழியும். ஏதோ ஒரு நுண்துளைக் கார்பனோ ஆக்சைடோ செய்து, நுண்ணோக்கியில் அழகான படம் எடுத்து, அதில் கந்தகம் சேர்த்து வாழ்க்கையின் முதல் செல்லைப் போடுவார்கள். கொள்ளளவு கிராமுக்கு 400 மில்லி ஆம்பியர்-மணிதான் வரும். பொருள் சரியில்லையா, ஸ்லரி (தாளில் பூசக் கரைப்பானில் கலக்கிய கேத்தோடு குழம்பு) சரியில்லையா, எலக்ட்ரோலைட்டில் ஈரமா, எடையில் பிழையா, எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இருக்காது, ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல செல் கையில் இல்லை.

அதனால் வரிசையை மாற்றச் சொல்கிறேன். கடையில் கிடைக்கும் சாதாரணக் கார்பனை வைத்து, ஒன்றுபோல இருக்கும் மூன்று செல்களைச் செய்யக் கை பழகட்டும். புதுப் பொருள் அதற்கு அப்புறம்தான். கீழே உள்ள எல்லாமே அந்த வரிசையில் இருக்கிறது.

1. முதலில் சில எண்கள்

கந்தகத்தின் கோட்பாட்டுக் கொள்ளளவு கிராமுக்கு 1675 மில்லி ஆம்பியர்-மணி. இனி மி.ஆ.ம. என்று சுருக்குகிறேன். ஒவ்வொரு கந்தக அணுவும் இரண்டு எலக்ட்ரான் வாங்குவதால் வரும் எண் இது. இதற்கு மேல் உங்கள் கணக்கு காட்டினால் மகிழ வேண்டாம், எங்கோ எடை தப்பு, அல்லது உங்கள் பொருளே தனியாக ஏதோ வினை செய்கிறது.

டிஸ்சார்ஜில் இந்த 1675 இரண்டு துண்டாகப் பிரியும். எட்டு அணு வளையமாக இருக்கும் கந்தகம் கரையக்கூடிய பாலிசல்ஃபைடாகி (கந்தக அணுக்களின் சங்கிலி லித்தியத்தோடு சேர்ந்தது), நான்கு அணு நீளத்துக்குச் சுருங்கும் வரை சுமார் 419. அது 2.3 வோல்ட்டை ஒட்டி நடக்கும். அங்கிருந்து திட லித்தியம் சல்ஃபைடு வரை மீதி 1256, அது 2.1 வோல்ட்டில். இந்த இரண்டு எண்களையும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள், 10-ஆம் பகுதியில் முழுக்க இதை வைத்துத்தான் பேசப்போகிறேன்.

இன்னொன்று, கந்தகத்தின் அடர்த்தி 2.07, லித்தியம் சல்ஃபைடின் அடர்த்தி 1.66. கணக்குப் போட்டால் முழு டிஸ்சார்ஜில் பருமன் சுமார் 80 சதவீதம் கூடும். துளைகளை விளிம்பு வரை கந்தகத்தால் அடைத்தால் என்ன ஆகும் என்பது இதிலிருந்தே புரியும்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஆர்கான் நிரப்பிய கிளவ் பாக்ஸ், நீரும் ஆக்சிஜனும் தலா 1 பி.பி.எம்.-க்குக் கீழே. 0.01 மில்லிகிராம் காட்டும் தராசு. மைக்ரோபிப்பெட். டெஃப்லான் உறை போட்ட ஆட்டோகிளேவ். கோட்டிங் பிளேடு. 2032 காயின் செல் உதிரிகளும் கிரிம்பரும். பேட்டரி டெஸ்டரில் மைக்ரோஆம்பியர் அளவிலும் துல்லியம் இருக்கிறதா என்று பாருங்கள், காயின் செல்லுக்கு அது தேவைப்படும்.

தராசு விஷயத்தில் மட்டும் சமரசம் வேண்டாம். 0.1 மி.கி. தராசில் எடுத்த எடையை வைத்து 2 மி.கி. கந்தகத்தின் கொள்ளளவைச் சொல்வது, அடிக்கோலில் முடியின் தடிமனை அளப்பது மாதிரி.

3. எலக்ட்ரோலைட்டை முதலில் தயார் செய்யுங்கள்

லேபில் லித்தியம்-அயான் வேலைக்கு வாங்கிய எலக்ட்ரோலைட் பாட்டில் திறந்தே இருக்கும், அதையே ஊற்றிப் பார்க்கலாம் என்று தோன்றும். ஊற்றாதீர்கள். அதில் இருப்பவை கார்பனேட் கரைப்பான்கள். பாலிசல்ஃபைடு அவற்றைத் தாக்கி நிரந்தரமாகச் சிதைத்துவிடும். முதல் டிஸ்சார்ஜ் வரும், இரண்டாவதில் செல் கிட்டத்தட்ட செத்திருக்கும். கந்தகத்தை பாலிஅக்ரிலோநைட்ரைலோடு வேதிப்பிணைப்பில் கட்டிய பொருள் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு, ஆனால் தொடக்கத்தில் அது வேண்டாம்.

வழக்கமான கலவை இது: டையாக்சோலேனும் டைமெத்தாக்ஸிஈத்தேனும் பருமனில் சமபங்கு, லித்தியம் டி.எஃப்.எஸ்.ஐ. உப்பு 1 மோலார், லித்தியம் நைட்ரேட் எடையில் 2 சதவீதம். 10 மில்லிலிட்டருக்கு டி.எஃப்.எஸ்.ஐ. உப்பு 2.87 கிராம். உப்பை எடுத்து 10 மி.லி. கரைப்பானை அதன் மேல் ஊற்றுவது தப்பு, உப்பே நிறைய இடத்தை அடைக்கும். உப்பைக் குறைந்த கரைப்பானில் கரைத்து, அளவுக் குடுவையில் 10 மி.லி. கோட்டுக்கு நிரப்ப வேண்டும். கரையும்போது சூடாகும், கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள்.

நைட்ரேட் எதற்கு? அது லித்தியத்தின் மேல் ஒரு காப்புப் படலம் உருவாக உதவுகிறது. அது இல்லாவிட்டால் கரைந்த பாலிசல்ஃபைடு லித்தியம் பக்கம் போய்ச் சுருங்கி, திரும்பி வந்து கேத்தோடில் நீண்டு, மறுபடி போகும். இதைத்தான் ஷட்டில் என்கிறோம். சார்ஜ் முடியவே முடியாமல் ஓடிக்கொண்டிருக்கும். நைட்ரேட் ஈரத்தை நன்றாக உறிஞ்சும் என்பதால் இரண்டு உப்புகளையும் வெற்றிட அடுப்பில் 110-120 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்திவிட்டு நேராக கிளவ் பாக்ஸுக்குள் கொண்டுபோங்கள்.

இரண்டு கரைப்பான்களும் சுலபமாக ஆவியாகும், டையாக்சோலேன் 75 டிகிரியிலேயே கொதிக்கும். பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டுப் பத்து செல் பூட்டினால் பத்தாவது செல்லுக்குப் போகும் திரவம் முதல் செல்லுக்குப் போனது அல்ல. சிறு குப்பிகளில் பிரித்து வைத்து, ஒரு தடவைக்கு ஒரு குப்பி என்று திறங்கள்.

4. கந்தகத்தைக் கார்பனுக்குள் இறக்குவது

கெட்ஜன் பிளாக் மாதிரி துளை நிறைந்த ஒரு கார்பனை எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு கந்தகம் என்பதைத் துளைப் பருமன்தான் முடிவு செய்யும். அதனால் நைட்ரஜன் உறிஞ்சல் சோதனையைக் கலக்கும் முன்பே செய்துவிட வேண்டும். பலர் இதைக் கட்டுரை எழுதும்போதுதான் செய்கிறார்கள்.

கணக்கு எளிது. கிராமுக்கு 1 கன செ.மீ. துளை உள்ள கார்பனில் 2.07 கிராம் கந்தகம் கொள்ளும். ஆனால் அது 1.8 மடங்காக வீங்க இடம் வேண்டும். எனவே 2.07-ஐ 1.8-ஆல் வகுங்கள்: 1.15 கிராம். அதாவது கலவையில் கந்தகம் 53 சதவீதம். 65 சதவீதம் வேண்டுமென்றால் கிராமுக்கு 1.6 கன செ.மீ. துளை இருக்க வேண்டும். அது இல்லாத கார்பனில் 65 ஏற்றினால் மிச்சக் கந்தகம் வெளியே கட்டியாக உட்காரும், கந்தகமோ மின்சாரத்தைக் கடத்தாது.

கார்பனையும் கந்தகத்தையும் உரலில் இருபது நிமிடமாவது அரைத்து, ஆர்கானுக்குள் ஆட்டோகிளேவில் அடைத்து, 155 டிகிரியில் 12 மணி நேரம் வையுங்கள். ஏன் 155? கந்தகம் 115 டிகிரிக்குச் சற்று மேலே உருகும், சூடு ஏற ஏற இளகும், 159-ஐத் தாண்டியதும் வளையங்கள் உடைந்து நீளச் சங்கிலிகளாகி திடீரென்று பாகு போலக் கெட்டியாகிவிடும். கெட்டியானது நுண்துளைக்குள் இறங்காது. ஆக, கெட்டியாவதற்குச் சற்று முன்னால் நிறுத்துகிறோம். இங்கே நான்கு டிகிரிதான் இடைவெளி. எங்கள் அடுப்பின் திரை 155 என்று காட்டியபோது உள்ளே வைத்த வெப்பமானி 163 காட்டியது, அதுவரை செய்த மூன்று தொகுதிகளும் ஏன் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை என்பது அன்றுதான் புரிந்தது. தனி வெப்பமானி வைத்துப் பாருங்கள்.

முழுக்க ஆறிய பிறகே திறங்கள். சூட்டோடு திறந்தால் கந்தக ஆவி வெளியேறும், விகிதமும் மாறும், மூச்சுக்கும் நல்லதல்ல.

5. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று அளந்துவிடுங்கள்

"65 போட்டேன், 65 இருக்கும்" என்று எழுதுவதுதான் நான் அதிகம் பார்த்த பிழை. மூடியில் படிந்தது எவ்வளவு, உரலில் ஒட்டியது எவ்வளவு? நைட்ரஜனில் வெப்ப எடைப் பகுப்பாய்வு செய்யுங்கள், நிமிடத்துக்கு 10 டிகிரி, 500 வரை. கந்தகம் 200-க்கு மேல் வேகமாகப் போகத் தொடங்கும்.

கூடவே கந்தகம் சேர்க்காத வெறும் கார்பனையும் அதே நிரலில் ஓட்டுங்கள். ஈரமும் மேற்பரப்புத் தொகுதிகளும் தனியாக எடை இழக்கும், அதைக் கழிக்க வேண்டும். உலோக-கரிமச் சட்டகப் பொருட்கள் அந்தச் சூட்டில் தாமே சிதையும் என்பதால் அவற்றுக்கு இந்த முறை மட்டும் போதாது.

எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவும் எடுங்கள். கந்தகப் படிகத்தின் கூர்முனைகள் பெரிதாகத் தெரிந்தால் நிறைய கந்தகம் துளைக்கு வெளியே இருக்கிறது என்று அர்த்தம்.

6. ஸ்லரி, கோட்டிங், உலர்த்தல்

எடையில் கந்தக-கார்பன் கலவை 80, கடத்தும் கார்பன் 10, பைண்டர் (துகள்களை ஒட்டவைக்கும் பசை) 10 என்று தொடங்கலாம். பி.வி.டி.எஃப். பைண்டரை என்.எம்.பி. என்ற கரைப்பானில் முன்கூட்டியே, குறைந்தது ஆறு மணி நேரம், கரைத்து வையுங்கள். பொடியாகப் போட்டுக் கலக்கினால் கண்ணுக்குத் தெரியாத ஜெல் கட்டிகள் இருக்கும், கோட்டிங்கில் அவை கோடுகளாக இழுக்கும்.

முதலில் பொடிகளை உலர்ந்த நிலையில் கலந்துவிட்டு, அப்புறம் பைண்டர் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். துளை அதிகமுள்ள கார்பன் கரைப்பானைக் குடித்துக்கொண்டே இருக்கும். தொடக்கத்தில் மண் மாதிரி இருக்கும், சட்டென்று ஒரு கட்டத்தில் தோசை மாவுப் பதத்துக்கு வரும். அந்தக் கட்டம் வரும் முன் பொறுமை இழந்து கரைப்பானைக் கொட்டியவர்களின் ஸ்லரி பிளேடுக்கு அடியில் ஓடிவிடும்.

கார்பன் பூசிய அலுமினியத் தாளில் இழுங்கள், சாதா அலுமினியத்தைவிட ஒட்டுதல் நன்றாக இருக்கும்.

உலர்த்தலில்தான் அமைதியாகக் கெட்டுப்போகும். லித்தியம்-அயான் பழக்கத்தில் 120 டிகிரி வெற்றிட அடுப்பில் வைத்துவிடுவார்கள். கந்தகம் வெற்றிடத்தில் அந்தச் சூட்டில் ஆவியாகிப் பறந்துவிடும், அடுப்புக் கண்ணாடியில் மஞ்சள் படிவு பார்த்தால் அது உங்கள் கேத்தோடுதான். 50-60 டிகிரியில், சாதாரணக் காற்றோட்ட அடுப்பில், இரவு முழுக்க. மெதுவாக உலர்ந்தால் விரிசலும் குறையும். சந்தேகமாக இருந்தால் உலர்ந்த கோட்டிங்கைச் சுரண்டி மறுபடி வெப்ப எடைப் பகுப்பாய்வு செய்யுங்கள், ஒரு தடவை செய்தால் போதும், மனதுக்கு நிம்மதி.

7. எடை, பரப்பு, மின்னோட்டம்: ஒரு கணக்கு

இதை ஒரு தடவை காகிதத்தில் போட்டுப் பாருங்கள், எக்செலில் வேண்டாம்.

12 மி.மீ. விட்டத்தில் வெட்டிய வட்டு. பரப்பு 1.13 சதுர செ.மீ. கோட்டிங் இல்லாத அலுமினிய வட்டு 4.9 மி.கி., கோட்டிங்கோடு 9.1 மி.கி. ஆக, கோட்டிங் 4.2. அதில் 80 சதவீதம் கலவை, கலவையில் 65 சதவீதம் கந்தகம்: 4.2 × 0.8 × 0.65 = 2.18 மி.கி. பரப்பால் வகுத்தால் சதுர செ.மீ.-க்கு 1.93 மி.கி.

1 சி என்பது முழுக் கொள்ளளவையும் ஒரு மணி நேரத்தில் எடுக்கும் மின்னோட்டம்: 2.18 × 1.675 = 3.65 மில்லி ஆம்பியர். 0.1 சி என்றால் 0.365. மில்லிகிராம் கந்தகத்துக்கு 10 மைக்ரோலிட்டர் எலக்ட்ரோலைட் என்று வைத்தால் இந்தச் செல்லுக்கு 22 மைக்ரோலிட்டர்.

வெறும் அலுமினிய வட்டு ஒன்றை மட்டும் எடை போட்டு எல்லாவற்றுக்கும் அதையே கழிக்கிறார்கள். அதே தாளின் ஓரத்திலிருந்து பத்து வட்டு வெட்டிச் சராசரி எடுங்கள். 0.1 மி.கி. பிசகினால் கந்தகக் கணக்கு இரண்டரை சதவீதம் போல மாறிவிடும். உங்கள் புதுப் பொருள் தரும் முன்னேற்றமே ஐந்து சதவீதம்தான் என்றால் இது சின்ன விஷயம் இல்லை.

8. செல் பூட்டுதல்

வரிசை: நேர்மின் மூடி, கேத்தோடு, பாதி எலக்ட்ரோலைட், செப்பரேட்டர் (இரண்டு மின்முனையும் தொடாமல் பிரிக்கும் நுண்துளைத் தாள்), மீதி எலக்ட்ரோலைட், லித்தியம் வட்டு, ஸ்பேசர், ஸ்பிரிங், எதிர்மின் மூடி. எலக்ட்ரோலைட்டை இரண்டாகப் பிரிப்பதற்குக் காரணம், செப்பரேட்டரின் இரண்டு பக்கமும் நனைய வேண்டும், அடியில் காற்றுக் குமிழி சிக்கக்கூடாது.

பிப்பெட் முனையை அதே திரவத்தால் இரண்டு முறை நனைத்துவிட்டு எடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே ஆவியாகும் கரைப்பான் அழுத்தி முனையிலிருந்து சொட்டும், 22 என்று நினைத்தது 18 ஆகிவிடும்.

லித்தியத்தின் மேல் சாம்பல் நிறப் படலம் இருந்தால் சுரண்டிப் பளபளப்பாக்குங்கள். உலோக இடுக்கியால் மூடி இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் அந்த நொடியே ஷார்ட், பிளாஸ்டிக் இடுக்கி வைத்துக்கொள்ளுங்கள். செப்பரேட்டர் லித்தியத்தைவிட 2-3 மி.மீ. பெரிதாக இருக்கட்டும், நடுவில் இல்லாமல் நகர்ந்துவிட்டால் கிரிம்ப் செய்யும்போது ஓரம் தொட்டுவிடும்.

ஒரே மாதிரி மூன்று செல். எப்போதும் மூன்று. ஒன்று போட்டு நன்றாக வந்தது என்று அடுத்த பொருளுக்குப் போகாதீர்கள்.

9. சோதனை நிரல்

பூட்டியபின் ஆறு மணி நேரம் ஓய்வு, கோட்டிங்குக்குள் திரவம் ஊற வேண்டும். வார இறுதி முழுக்க வைக்காதீர்கள், கரைந்த கந்தகம் லித்தியத்தோடு சும்மா வினைபுரிந்து கொள்ளளவைத் தின்றுவிடும். திறந்த சுற்று மின்னழுத்தம் 2 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் உள்ளே ஷார்ட் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு சுற்று 0.05 சி, பிறகு 0.2 சி-யில் நூறு சுற்றாவது. மேல் எல்லை 2.8 வோல்ட், கீழ் எல்லை 1.8. கீழே ஏன் 1.5 வரை போகவில்லை என்று கேட்பார்கள். 1.6-ஐ நெருங்கும்போது நைட்ரேட் கேத்தோடிலேயே சிதையத் தொடங்கும். அது கூடுதல் கொள்ளளவாகக் கணக்கில் ஏறும், லித்தியத்தைக் காக்க வேண்டிய நைட்ரேட்டும் தீரும். இரட்டை நஷ்டம்.

சார்ஜுக்கு ஒரு நேர வரம்பு போடுங்கள், ஷட்டில் வந்தால் டெஸ்டர் ஒரு வாரம் மாட்டிக்கொள்ளாமல் இருக்க. ஆனால் அந்த வரம்பைத் தாராளமாக வையுங்கள். டிஸ்சார்ஜ் கொள்ளளவுக்குச் சமமாக சார்ஜை நிறுத்தினால் எல்லாச் சுற்றிலும் 100 சதவீதத் திறன் (சார்ஜில் ஏற்றியதில் டிஸ்சார்ஜில் திரும்பி வரும் பங்கு) வரும், அது செல்லின் திறன் இல்லை, உங்கள் நிரல் எழுதிய எண்.

அறை வெப்பநிலையைக் குறித்துவையுங்கள். இரவில் ஏ.சி.-யை அணைக்கும் லேபில் கொள்ளளவு வரைபடம் அலை மாதிரி ஏறி இறங்கும். அதற்குப் பொருளறிவியல் விளக்கம் தேடி ஒரு மாதம் போனவர்கள் உண்டு.

10. வளைவைப் படிப்பது

இந்தப் பகுதியில்தான் நேரத்தைச் செலவிட வேண்டும். மொத்தக் கொள்ளளவு ஒற்றை எண் எதையும் சொல்லாது. ஒவ்வொரு டிஸ்சார்ஜ் வளைவையும் இரண்டு பிளாட்டோவுக்கு (மின்னழுத்தம் அதிகம் மாறாமல் சமமாக ஓடும் பகுதி) நடுவே வெட்டி, மேல் துண்டு எவ்வளவு, கீழ்த் துண்டு எவ்வளவு என்று தனித்தனியாக அட்டவணை போடுங்கள். கோட்பாட்டில் கீழ் மேலைப்போல மூன்று மடங்கு.

சுற்றுக்குச் சுற்று மேல் துண்டு குறைந்துகொண்டே வந்தால் கந்தகம் கேத்தோடை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது: கரைந்து வெளியேறி, லித்தியத்தின் மேலோ செப்பரேட்டரிலோ படிந்துவிட்டது. பிடித்து வைக்கும் பொருள் தேவை.

மேல் துண்டு நிலையாக இருக்க, கீழ்த் துண்டு மட்டும் சுருங்கினால் கதை வேறு. கந்தகம் அங்கேயேதான் இருக்கிறது, ஆனால் திட லித்தியம் சல்ஃபைடு கடத்தும் பரப்பை மூடிக்கொண்டு வினையை நடுவில் நிறுத்துகிறது. இங்கே எவ்வளவு வலுவாகப் பிடிக்கும் பொருளைப் போட்டாலும் பயன் இல்லை, பரப்பு கூட வேண்டும் அல்லது மாற்றத்தை வேகப்படுத்தும் வினையூக்கி வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, தேவையில்லாத நோய்க்கு மருந்து செய்கிறவர்களைப் பார்க்கும்போது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் விடை அவர்கள் கையில் உள்ள வளைவிலேயே இருக்கும்.

இரண்டு பிளாட்டோவுக்கு நடுவே ஒரு சின்னப் பள்ளம் தெரியும். திட சல்ஃபைடின் முதல் துகள்கள் உருவாகக் கூடுதல் உந்துதல் தேவைப்படுவதால் வருவது அது, கரைசல் கெட்டியாக இருப்பதும் சேர்ந்துகொள்ளும். பள்ளம் ஆழமானால் கீழ் பிளாட்டோ தொடங்கவே சிரமப்படுகிறது என்று பொருள். சார்ஜின் தொடக்கத்தில் வரும் மேடு அதே சல்ஃபைடைத் திரும்பக் கரைக்கும் சிரமம்.

முதல் ஐந்தாறு சுற்றில் கொள்ளளவு ஏறினால் கோட்டிங் சரியாக நனையவில்லை. எண்பது சுற்று வரை நன்றாக ஓடி, திடீரென்று விழுந்தால் கேத்தோடைக் குறை சொல்ல வேண்டாம், லித்தியம் பக்கம் எலக்ட்ரோலைட்டோ நைட்ரேட்டோ தீர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

சாதாரணக் கார்பனில் மூன்று செல்லும் ஐந்து சதவீதத்துக்குள் ஒத்து வந்தால், சரி, இப்போது அடுத்த பகுதிக்குப் போகலாம். வராவிட்டால் 3-ஆம் பகுதிக்குத் திரும்புங்கள்.

11. இப்போது புதுப் பொருள்

10-ஆம் பகுதி சொன்ன நோய் எதுவோ அதற்கேற்பப் பொருளைத் தேர்ந்தெடுங்கள். ஒழுங்கான நுண்துளைக் கார்பனுக்குள் கந்தகத்தை அடைப்பது என்ற வழியை 2009-ல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் லிண்டா நசார் குழு சி.எம்.கே-3 கார்பனில் காட்டியது. அதே குழு பின்னால் மாங்கனீசு டைஆக்சைடை எடுத்தது, அதன் மேற்பரப்பு பாலிசல்ஃபைடை ஆக்சிஜனேற்றி தயோசல்ஃபேட்டாக்கி, அந்தத் தொகுதி வழியாகப் பிடித்துவைக்கும் என்று விளக்கியது. கார்பன் இடத்தால் அடைக்கிறது, ஆக்சைடு வேதியியலால் பிடிக்கிறது. ஆனால் மாங்கனீசு டைஆக்சைடு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது, அதனால் கார்பனோடு சேர்த்தே பயன்படும். நான்குக்கு ஏழு விகித டைட்டானியம் ஆக்சைடு உலோகம்போலக் கடத்தும், பிடிக்கவும் செய்யும், ஆனால் அதைச் செய்யும் சூட்டில் துகள்கள் ஒட்டிப் பரப்பு குறையும். இலவசமாக எதுவும் வராது.

செல் போடும் முன் ஒரு மலிவான சோதனை: பாலிசல்ஃபைடு கரைசலில் பொருளைப் போட்டு நிறம் வெளுக்கிறதா என்று பார்ப்பது. கிளவ் பாக்ஸுக்குள் 46 மி.கி. லித்தியம் சல்ஃபைடுக்கு 160 மி.கி. கந்தகம், டையாக்சோலேன்-டைமெத்தாக்ஸிஈத்தேன் கலவையில், 50-60 டிகிரியில் இரவு முழுக்கக் கலக்கினால் ஆறு அணு நீளப் பாலிசல்ஃபைடுக்குச் சமமான செம்பழுப்புக் கரைசல் கிடைக்கும். வெளிர் மஞ்சளாகும் வரை நீர்க்கச் செய்து குப்பிகளில் பிரியுங்கள்.

இதில் இரண்டு பொறிகள். ஒன்று, சம எடை போட்டு ஒப்பிடுவது. கிராமுக்கு 1000 சதுர மீட்டர் உள்ள கார்பனையும் 50 சதுர மீட்டர் உள்ள ஆக்சைடையும் தலா 20 மி.கி. போட்டால் அது பரப்பின் போட்டியாகத்தான் இருக்கும். சம பரப்புக்கு எடையைச் சரிக்கட்டுங்கள். இரண்டு, காற்று பட்டாலே பாலிசல்ஃபைடு வெளுத்துவிடும். பொருள் எதுவும் போடாத ஒரு குப்பியைப் பக்கத்திலேயே வையுங்கள், அதுவும் வெளுத்தால் அந்த நாள் சோதனையைக் குப்பையில் போடலாம்.

செல்லில் மாற்றுவது பொருளை மட்டும். கந்தக விகிதம், கோட்டிங் எடை, எலக்ட்ரோலைட் அளவு, லித்தியத் தடிமன் எல்லாம் பழையபடி. புதுப் பொருள் கனமாக இருந்தால் கந்தக விகிதம் தன்னால் குறையும், அதைச் சரி செய்யாமல் ஒப்பிடுவது நியாயமில்லை. கந்தகமே சேர்க்காத புதுப் பொருளையும் அதே 1.8-2.8 எல்லையில் ஓட்டுங்கள், சில உலோக சல்ஃபைடுகள் தாமே லித்தியம் ஏற்கும், அந்தக் கொள்ளளவைக் கந்தகத்தின் பெயரில் எழுதக்கூடாது.

12. கந்தகத்தை ஏற்றி, எலக்ட்ரோலைட்டைக் குறைத்து

இதுவரை செய்தது சலுகை நிறைந்த செல். மில்லிகிராமுக்கு 20 மைக்ரோலிட்டர் ஊற்றிய செல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 1 மி.கி. கந்தகம் 1000 மி.ஆ.ம. வீதம், 2.1 வோல்ட்டில், 2.1 மில்லி வாட்-மணி தரும். 20 மைக்ரோலிட்டர் எலக்ட்ரோலைட்டின் எடை 22 மி.கி.-யாவது இருக்கும். எலக்ட்ரோலைட்டை மட்டும் கணக்கில் எடுத்தாலே கிலோவுக்கு 95 வாட்-மணிதான். இன்றைய நல்ல லித்தியம்-அயான் செல் 250 தருகிறது. லேசான பேட்டரி என்ற காரணம்தான் கந்தகத்தை எடுத்ததற்கே காரணம், அது இங்கே காணாமல் போகிறது.

லித்தியத்திலும் இதே கதை. 10 மைக்ரான் தடிமன் சதுர செ.மீ.-க்கு சுமார் 2 மி.ஆ.ம. கொடுக்கும். 450 மைக்ரான் தாளில் 90-க்கு மேல் இருக்கிறது, எதிரே உங்கள் கேத்தோடு கேட்பது 2. நாற்பது மடங்குக்கும் மேல் லித்தியம் இருக்கும்போது லித்தியம் எவ்வளவு வீணானாலும் வரைபடத்தில் தெரியாது.

ஆனால் ஒரே தாவலில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். கந்தகத்தைச் சதுர செ.மீ.-க்கு 2-லிருந்து 4-5 மி.கி.-க்கு ஏற்றி மறுபடி மூன்று செல். கோட்டிங் தடிமனாகும்போது விரியும், கார்பன் காகிதத்தில் பூசிப் பாருங்கள், அதன் எடையையும் கணக்கில் சேருங்கள். பிறகு எலக்ட்ரோலைட்டை 10-லிருந்து 7, 5 என்று இறக்குங்கள். லித்தியத் தடிமன் கடைசியில்.

5-ல் ஏன் திடீரென்று கீழ் பிளாட்டோ சரிகிறது? மில்லிகிராமுக்கு 20 மைக்ரோலிட்டரில் எல்லாக் கந்தகமும் கரைந்தால் செறிவு 1.6 மோலார், 5-ல் அது 6 மோலாரைத் தாண்டும். திரவம் தேன்போலக் கெட்டியாகி அயான்கள் நகரத் திணறும். அடைத்து வைக்கும் பொருட்கள் பல இங்கே தோற்பதும், மாற்றத்தை வேகப்படுத்துபவை கொஞ்சம் தாக்குப்பிடிப்பதும் அதனால்தான். துளை மிக அதிகமுள்ள கார்பன் இருக்கிற திரவத்தையும் குடித்துவிடும், 20-ல் முதலிடத்தில் இருந்த பொருள் 5-ல் கடைசிக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன். என் கருத்தில் பொருட்களின் தரவரிசையை எழுத வேண்டிய இடம் இதுதான், அதற்கு முந்தைய எண்கள் பழகுவதற்கு.

13. செல்லைத் திறந்து பார்ப்பது

சார்ஜ் ஆன நிலையில் நிறுத்தி, கிளவ் பாக்ஸுக்குள் மட்டும் திறங்கள். செப்பரேட்டரின் எந்தப் பக்கம் அதிகம் மஞ்சள், லித்தியம் பளபளப்பா கறுப்பா, கோட்டிங் மூடியில் உரிந்து ஒட்டியிருக்கிறதா என்பதை வெறும் கண்ணால் பார்த்தவுடன் எழுதிவையுங்கள், புகைப்படம் எடுங்கள், ஒரு மணி நேரத்தில் நிறம் மாறும். மேல் துண்டு குறைந்த செல்லில் செப்பரேட்டரின் லித்தியம் பக்கமும் மஞ்சளாக இருந்தால் 10-ஆம் பகுதியில் படித்தது உறுதியாகிறது. நுண்ணோக்கிக்குப் போகும் துண்டுகளை டைமெத்தாக்ஸிஈத்தேனில் கழுவி உலர்த்துங்கள், உப்பு படிந்திருந்தால் அதைப் புதுப் படலம் என்று தவறாக எடுத்துக்கொள்வீர்கள்.

மிச்சத்தை வெளியே எடுக்கும்போது கவனம். லித்தியம் சல்ஃபைடு ஈரக் காற்றிலேயே ஹைட்ரஜன் சல்ஃபைடு விடும், அமிலம் பட்டால் பெருமளவில். அழுகிய முட்டை நாற்றம் வந்து, பிறகு நாற்றம் நின்றுவிட்டால் வாயு போய்விட்டது என்று நினைக்காதீர்கள், அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போகும். உடனே வெளியேறுங்கள். லித்தியத் துண்டுகளை ஃபியூம் ஹுட்டில் ஐசோபுரோப்பனாலில் ஒவ்வொன்றாகப் போட்டுக் கரைத்து முடித்த பிறகே நீர், கேத்தோடு துண்டுகள் தனிக் குப்பியில், அமிலக் கழிவு டப்பாவுக்குப் பக்கத்தில்கூட வைக்காமல்.